தொலைபேசிக் குரலும் பீடிக் கட்டும்

வாயிலில் ஒப்படைப்பவை

சிவகாசியைச் சுற்றியுள்ள பட்டாசு ஆலையொன்றின் வாயிலில் காலை வேளையில் சற்றே நின்று கவனித்தால், உள்ளே போகும் ஆண்கள் மடியிலிருந்த பீடிக் கட்டையும் தீப்பெட்டியையும், அவற்றோடு கைப்பேசியையும் வெளியிலேயே விட்டுவிட்டு வெறுங்கையராய் நுழைவதைக் காணலாம். வெடிபொருள் விதிகள் புகைப்பதையும், நெருப்புண்டாக்கும் பொருள்களையும், கைப்பேசியையும் ஒருங்கே விலக்கியிருக்கின்றன. மாலையில் வேலை முடிந்து வெளியே வரும்போது பீடியும் பேசியும் ஒரே சமயத்தில் கைக்குத் திரும்புகின்றன. புகைப்பழக்கத்தைக் கைவிடத் தொலைபேசி எவ்வளவு தூரம் துணை செய்யும் என்று இந்தப் பிரதேசத்தில் ஆராயப் புகுவோர், கணக்கேட்டைத் திறப்பதற்கு முன் இந்தக் காட்சியை ஒருமுறை பார்த்துவிடுவது நலம் என்பது என் அபிப்பிராயம்.

1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்த நாள்முதல் தேசத்தின் அடுப்புக்கும் பீடிக்கும் நெருப்புக் கொடுத்து வந்த ஊர், தன் பட்டாசு அறைகளுக்குள் மட்டும் ஒரு பொறியையும் சகிப்பதில்லை. திருத்தங்கல் சாலையோரத்துப் பெட்டிக்கடையில், தூணில் தொங்கிக் கனன்றுகொண்டிருந்த கயிற்றுத் திரியில் பீடியைப் பற்றவைத்தபடியே, எனக்குப் பழக்கமான தொழிலாளி ஒருவர் சொன்னார்: "உள்ள இருக்கிற வரைக்கும் நெனப்பே வராது அண்ணாச்சி. கேட்டத் தாண்டுனதும் கை தானாத் தேடுது."

அட்டையில் அச்சான எண்

அவர் கையிலிருந்த கட்டின் மேலேயே பீடியை விடுவதற்கொரு மார்க்கமும் அச்சாகியிருந்தது. 1800-11-2356 என்னும் கட்டணமில்லாத எண், 2018 செப்டம்பர் முதல் எச்சரிக்கைப் படத்தோடு சேர்த்துப் புகையிலைப் பொருள்களின் உறைகளில் அச்சிடப்பட்டு வருகிறது. 2016 மே மாத இறுதியில் டில்லி வல்லபாய் படேல் மார்புநோய் நிலையத்தில் தொடங்கிய, புகையிலையைக் கைவிட உதவும் இந்தத் தொலைபேசிச் சேவை, 2018-இல் மும்பை, கௌஹாத்தி, பெங்களூரு ஆகிய நகரங்களுக்கும் விரிந்தது. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிலையத்தின் வாயிலாகத் தென்னாட்டவர் தம் தாய்மொழியிலேயே பேச வழி ஏற்பட்டது. அழைப்பவரிடம் ஆலோசகர், நாளொன்றுக்கு எத்தனை பீடி, முதல் பீடி எழுந்த எத்தனை நிமிஷத்தில், முன்பு விட முயன்று எங்கே சறுக்கினார் என்றெல்லாம் விசாரித்து, விடுவதற்கு ஒரு தேதியை அவர் வாயாலேயே நிர்ணயிக்கச் செய்கிறார். அதன்பின் தொழிலாளி அழைக்க வேண்டியதில்லை. நிலையத்திலிருந்தே மீண்டும் மீண்டும் கூப்பிட்டு விசாரிப்பார்கள். பயன் பெரும்பாலும் அந்த இரண்டாவது, மூன்றாவது அழைப்புகளில்தான் இருக்கிறது. நிக்கோட்டின் இல்லாமற் போன முதல் இரண்டு மூன்று நாள்களில்தான் எரிச்சலும் படபடப்பும் தூக்கமின்மையும் உச்சத்தை எட்டும். பின் சில வாரங்களில் அவை தணிந்துவிடும். அந்தச் சில நாள்களுக்குள், 'இன்று எப்படி இருக்கிறீர்கள்' என்று கேட்கும் ஒரு குரல் வந்து சேர்ந்தால், உறுதி குலைவது தள்ளிப்போகும்.

நூற்றுக்கு மூவர்

இதனால் மெய்யாகவே எத்தனை பேர் விடுகிறார்கள்? உலகெங்கும் நடந்த 104 பரிசோதனைகளையும் அவற்றில் பங்கு கொண்ட ஒரு லட்சத்துப் பதினோராயிரத்துக்கும் மேற்பட்டவர்களையும் ஒன்றுசேர்த்து, 2019-இல் காக்ரேன் என்னும் மருத்துவ ஆய்வுத் தொகுப்பு அமைப்பின் ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு இது: உதவி எண்ணைத் தாமே நாடியவர்களில், தொடர் அழைப்புகள் கிடைக்காதவரில் நூற்றுக்கு ஏழு பேர் விட்டார்களென்றால், கிடைத்தவரில் நூற்றுக்குப் பத்துப் பேர் விட்டார்கள். மூன்று பேர்தானா என்று ஏளனமாகக் கேட்கத் தோன்றும். ஆனால் 2016-17 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் வயது வந்தோரில் 28.6 சதவீதத்தினர் ஏதேனும் ஒரு வகையில் புகையிலையை உபயோகித்தார்கள். அப்படிப்பட்ட தேசத்தில் நூற்றுக்கு மூன்று என்பது, பிரயாணச் செலவும் ஒரு நாள் கூலி நஷ்டமும் இல்லாமல் கிடைப்பதாயின், அற்பமாகத் தள்ளத்தக்கதன்று.

கலிபோர்னியாவில் நடந்த ஒரு பரிசோதனையை நான் விசேஷமாக மதிக்கிறேன். அங்கே உதவி நிலையத்தை நாடியவர் தொகை ஆலோசகர்களின் சக்திக்கு மிஞ்சியபோது, 3,282 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினார்கள். ஆலோசனை ஒதுக்கப்படாதவர் மறுபடி அழைத்துக் கேட்டால் அவருக்கும் மறுக்காமல் கொடுத்தார்கள். அப்படிச் செய்ததால் வித்தியாசம் குறைந்துதான் தெரியும் என்று அறிந்தே, துன்பத்தில் கை நீட்டியவரைத் தட்டிவிடாத தர்மத்தைக் காத்தார்கள். ஓராண்டு முடிவில் ஆலோசனை ஒதுக்கப்பட்ட பிரிவில் 9.1 சதவீதமும் மற்றதில் 6.9 சதவீதமும் விடுபட்டிருந்தார்கள். முதல் மாதத்தில் இதே கணக்கு 23.7-க்கு 16.5 என்றிருந்தது. ஆகவே ஒரு மாதக் கணக்கைக் காட்டி வெற்றி முழக்கமிடும் எந்த அறிக்கையையும் பாதி நம்பிக்கையோடு படித்தாலே போதும்.

அகப்படாதவர் கணக்கு

ஆறு மாதம் கழித்து ஆராய்ச்சியாளர் கூப்பிட்டால் எடுக்காதவரை என்ன செய்வது? எடுத்தவர்களை மட்டும் வைத்து வகுத்தால் வெற்றி பெரிதாகத் தோன்றும். மீண்டும் பீடியைத் தொட்டவர் வெட்கத்தால் பேசியை எடுக்கமாட்டார் என்பது யாவரும் அறிந்த விஷயம். அதனால் அகப்படாதவர் அனைவரையும் புகைப்பவராகவே எழுதிக்கொள்வது நேர்மையான முறை. எடுத்தவர் சொல்வதும் முற்றும் உண்மையாக இருக்க வேண்டுமென்பதில்லை. நிக்கோட்டின் உடலில் மாறி உண்டாகும் கோட்டினின் என்னும் பொருளை எச்சிலில் சோதித்தால் சில நாள் வரையிலான புகைப்பு வெளிப்பட்டுவிடும். எனினும் தொலைபேசி வழியே எச்சில் வாங்குவது எப்படி? தபாலில் அனுப்பச் சொன்னால் அனுப்புவோர் சிலரே.

இந்த வட்டாரத்துக்கென்றே இன்னொரு கேள்வியைச் சேர்க்க வேண்டும். நெருப்பு ஆகாத இடத்தில் வேலை செய்கிறவர் பீடியை விட்டுக் கடைவாயில் புகையிலையை அடக்கிக்கொள்வது மிகச் சுலபம்; அதற்குத் தீக்குச்சியும் வேண்டாம், காவலாளியின் கண்ணிலும் படாது. 'புகைக்கிறீர்களா?' என்று மட்டும் கேட்கும் ஆராய்ச்சி, வாய்ப்புற்றுநோயின் பாதையில் திரும்பிய அவரை வெற்றி பெற்றவராக எழுதி முடித்துவிடும்.

எட்டு மணி நேர விரதம்

இவ்வளவு சொல்லியும், சிவகாசித் தொழிலாளியிடம் வேறெங்கும் காணாத ஓர் அனுகூலம் இருப்பதை ஆலோசகர்கள் பயன்படுத்திக்கொள்ள வேண்டும் என்பேன். வேலை நாள்தோறும் ஏறக்குறைய எட்டு மணி நேரம் அவர் பீடி இல்லாமலே இருந்து பழகியவர்; 'உங்களால் முடியும்' என்று உபசாரமாகச் சொல்வதற்குப் பதிலாக, 'நேற்றுக் காலையிலிருந்து மாலை வரை எப்படி முடிந்தது' என்று அவரையே விவரிக்கச் செய்யலாம். ஆபத்து முழுவதும் வாயிலுக்கும் வீட்டுக்கும் இடைப்பட்ட நேரத்தில் இருக்கிறது. பகலில் அழைத்தால் கைப்பேசி வெளியே ஆளின்றி அடிக்கும். ஆலோசகரின் ஏட்டில் 'பதில் இல்லை' என்று பதிவாகும்.

பெட்டிக்கடை நண்பருக்கு நடந்ததும் இதுதான். கட்டிலிருந்த எண்ணை ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்துப் பேசித் தேதியும் குறித்துக்கொண்டார். அடுத்த வாரம் தெரியாத எண்ணிலிருந்து பகலில் வந்த இரண்டு அழைப்புகளை மாலையில் பார்த்துவிட்டு, "லோன்காரனா இருக்கும்" என்று விட்டுவிட்டார். அவரே மறுபடி அழைத்து, ஆலை வண்டி வந்து இறக்கிவிடும் ஆறரை மணிக்கு மேல் கூப்பிடும்படி கேட்டுக்கொண்ட பிறகு, பேச்சு ஒழுங்காக நடந்தது. இப்போது அந்த நேரத்தில் கடைக்குப் போவதைத் தவிர்த்து, வண்டியிலிருந்து மறு பக்கமாக இறங்கி நடக்கிறார். கயிற்றுத் திரி அங்கேதான் புகைந்துகொண்டிருக்கிறது. சென்ற மாதம் ஒரு கல்யாண வீட்டில் இரண்டு பீடி குடித்ததை, கேட்காமலேயே என்னிடம் சொன்னார், ஆலோசகரிடமும் சொல்லிவிட்டாராம்.