வலிப்புக்குப் பின்னால் ஒரு புழு

சித்தூர்ப் பக்கம் யாருக்காவது திடீரென வலிப்பு வந்தால், குடும்பம் திருப்பதி ஸ்விம்ஸ் மருத்துவமனைக்கு ஓடும். இல்லையென்றால் எல்லை தாண்டி வேலூர் சி.எம்.சி.க்கு. 1949இல் டாக்டர் ஜேக்கப் சாண்டி இந்தியாவின் முதல் நரம்பு அறுவைச் சிகிச்சைத் துறையைத் தொடங்கியது வேலூரில்தான்.

ஒருகாலத்தில் வலிப்பு வந்தவரின் ஸ்கேனில் மூளைக்குள் சிறு கட்டி தெரிந்தால், காசநோய் என்று மாதக்கணக்கில் மருந்து கொடுத்தார்கள். வேலூரில் டாக்டர் வேதாந்தம் ராஜசேகர் குழுவினர் அத்தகைய கட்டிகளை ஆராய்ந்தபோது, பெரும்பாலானவை பன்றி நாடாப்புழுவின் இளம்பருவத்தால் வந்தவை என்று தெரிந்தது. இரண்டையும் பிரித்தறிய அவர்கள் அளவுகோல்கள் வகுத்தார்கள். கட்டி 20 மில்லிமீட்டருக்கு மிகாமல் இருப்பது அவற்றில் ஒன்று. வீண் காசநோய் மருந்திலிருந்தும் அறுவையிலிருந்தும் பலரைக் காத்த வேலை இது.

பன்றிக்கறியே தொடாதவருக்கும் வருமா? வரும். புழு உள்ளவரின் மலத்திலிருந்து அதன் முட்டைகள் தண்ணீர், கழுவாத கீரை, அழுக்குக் கை வழியாக அடுத்தவர் வயிற்றுக்குள் போகின்றன.

இந்த நோய்க்குப் புழுக்கொல்லி மருந்தான ஆல்பெண்டசோலுடன் ஸ்டீராய்டும் சேர்த்துத் தர, 2021இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. ஒற்றைக் கட்டி கரைந்து, வலிப்பு நின்று 6 மாதமாகி, மீண்டும் வரும் வாய்ப்பும் குறைவென்றால் வலிப்பு மாத்திரையை நிறுத்தலாம் என்கிறது அந்த வழிகாட்டுதல். ஆயுசுக்கும் மாத்திரைதான் என்று மகளின் கல்யாணத்தைத் தள்ளிப்போடும் வீடுகளுக்கு இது அவசியம் போய்ச் சேர வேண்டும். ஆனால் நிறுத்தும் முடிவு டாக்டருடையது. தானாக விட்டால் வலிப்பு திரும்பக்கூடும்.