வெண்பனியும் மணலும்: சிறு பாரவண்டியால் வழி திறத்தல்

பாலாவியிலிருந்து கற்பிட்டி நோக்கிச் செல்லும் பாதையில் அமைந்த நுரைச்சோலை மணற்பாங்கான ஊர். வைகாசி முதற் புரட்டாதி வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று இங்கு மிகக் கடியது. அயலூராகிய மாம்புரியில் 2010ஆம் ஆண்டு காற்றாலை மின்னிலையம் அமைந்தமையே அதற்குச் சான்றாகும். அக்காற்று வெங்காயப் பாத்திக்கும் வீட்டு ஒழுங்கைக்கும் வேற்றுமை காண்பதில்லை. படலைக்கும் வாசலுக்கும் இடையே மணல் குவிந்துவிடின், மிளகாய் மூடை ஏற்ற வரும் வண்டி மட்டுமன்று, நோயாளியை ஏற்ற வரும் வண்டியும் வெளியிலேயே நின்றுவிடும்.

கனடாவிற் குடியேறிய நம்மவர்க்கும் இத்தகைய இடர் உண்டு. ஆங்கு வழியை மூடுவது வெண்பனி. ‘பிக்கப்’ எனப்படும் சிறு பாரவண்டியின் முன்னே இரும்பு அலகொன்றைப் பூட்டிப் பனியைத் தள்ளிவிடுகின்றனர். இதனைக் கேள்வியுற்ற இளைஞர் சிலர், ‘அவ்வாறே நாமும் மணலைத் தள்ளலாமே’ என்கின்றனர். அது கூடுமா என்பதை ஈண்டு ஆராய்வாம்.

வண்டியின் ஆற்றலைப் பொறியின் வலுவைக் கொண்டு அளத்தல் பொதுவழக்கு. தள்ளும் தொழிலில் அவ்வளவை பொருந்தாது. பொறி எத்துணை வலியதாயினும், சில்லு நிலத்தைப் பற்றாவிடின் அது வீணே சுழலும். அப்பிடிப்போ சில்லின்மீது அமரும் பாரத்தைப் பொறுத்தது. முன் அச்சுக்கு அப்பால் தொங்கும் அலகு கிணற்றுத் துலாவைப் போன்று தொழிற்படுகின்றது. முன்னந்தலை தாழ, பின்புறம் இலேசாகின்றது; பின்சில்லுகளால் இயங்கும் வண்டிக்கு இதனால் பிடிப்புக் குன்றும். ஆதலின் பின் அச்சுக்கு மேலோ அதற்குப் பின்னோ பாரம் ஏற்றி, அது நகராவண்ணம் கட்டுவர். அப்பாரம் பெரும்பாலும் மணல் மூடை! நாம் அள்ளி எறிய வழி தேடும் பொருளை அங்குப் பணங்கொடுத்து வாங்குகின்றனர்.

தள்ளுவதற்கும் ஒரு முறை உண்டு. முதலில் வாசலோரத்துப் பனியை, அலகைத் தாழ்த்திப் பின்னோக்கி இழுத்து அப்புறப்படுத்துவர். பின்னரே முன்னோக்கித் தள்ளுவர். அலகைச் சற்றுச் சாய்த்து வைத்தால் பனி ஒருபுறமாக ஒதுங்கும்; முன்னே மலையாகத் திரண்டு வண்டியைத் தடுக்காது. மாரியின் தொடக்கத்திலேயே குவியலை வழியோரத்திலிருந்து நன்கு தள்ளிவைத்தல் வேண்டும். ஓரத்திலே விட்ட குவியல் உறைந்து கல்லாகி, அடுத்த பனிக்கு இடமின்றிச் செய்துவிடும். தெருவிலே தள்ளிவிடுதலும் ஆகாது. ஒன்ராறியோ மாகாணத்தில் அது சட்டத்துக்கு மாறானது. யாவற்றிலும் முதன்மையானது, பனி பெய்து முடியும்வரை காத்திராது, சிறிது சிறிதாகப் பலமுறை தள்ளுதலே.

இனி மணலுக்கு வருவாம். 20 மீற்றர் நீளமும் 3 மீற்றர் அகலமும் உள்ள ஒழுங்கையில் 15 சென்ரிமீற்றர் படிந்துள்ளதாகக் கொள்க. அதன் கனவளவு 9 கன மீற்றர். புதிதாய்ப் பெய்த வெண்பனி கன மீற்றருக்கு 100 கிலோகிராம் எனக் கொண்டால், மொத்தம் 900 கிலோகிராம். உலர்ந்த மணலோ கன மீற்றருக்கு ஏறத்தாழ 1,600 கிலோகிராம். ஆகவே மொத்தம் 14,400 கிலோகிராம். ஒரு தொன்னுக்குக் குறைந்த சுமையும் பதினான்கு தொன்னுக்கு மேற்பட்ட சுமையும் ஒன்றாகா. அன்றியும், வழியை மூடிய அம்மணலே சில்லுக்கும் நிலமாகின்றது. சிறு பாரவண்டி விரற்கடைப் பருமனான படிவை ஒதுக்கலாம். அதற்குமேல் முயன்றால் தானே புதையும். அந்த மெல்லிய படிவையும் மழையோ இராப்பனியோ நனைத்த காலைப்பொழுதில் ஒதுக்குதல் நன்று. ஈரம் மணிகளைப் பிணித்து நிலத்தை இறுக்கும். சில்லின் காற்றைச் சிறிது குறைத்தால் அது பரந்து பதிந்து, புதைவது குறையும். 1929ஆம் ஆண்டு முதல் லிபியப் பாலைநிலத்திற் போட் கார்களைச் செலுத்திய பாக்னோல்ட் என்னும் ஆங்கிலப் படையதிகாரி கையாண்ட உபாயங்களுள் இதுவும் ஒன்று.

அவரே 1941ஆம் ஆண்டு காற்றடி மணலின் இயக்கத்தைப் பற்றிப் பெருநூல் ஒன்றும் வெளியிட்டார். மணலிற் பெரும்பகுதி தூசியைப்போல் வானளாவப் பறப்பதன்று. நிலத்தையொட்டித் தத்தித் தத்திச் செல்வது. எனவே தாழ்ந்த வேலியே அதை மறிக்கப் போதும். பனிநாட்டிலும் காற்றடி பனியை வேலியாலே மறிக்கின்றனர். அலகினும் வேலியே நமக்கு ஏற்றது என்பது என் கருத்து. நெருங்கப் பின்னிய கிடுகினும், பாதியளவு இடைவெளி விட்டு நாட்டிய பனைமட்டை சிறந்தது. அது காற்றை முற்றாகத் தடுக்காது தளர்த்துவதால் மணல் அமைதியாய் விழும். ஆயின் அவ்வேலியை ஒழுங்கையின் விளிம்பிலே நாட்டுதல் பெருந்தவறு. குவியல் விழுவது வேலிக்கு அப்பால், காற்று ஒதுங்கும் பக்கத்தில். பனிக்குவியல் வேலியின் உயரத்தைப்போல் முப்பது மடங்குக்கு மேலும் நீளும். மணல் அத்துணை நீளாதெனினும், காற்று வரும் பக்கத்தில் வளவெல்லை இடந்தருமளவுக்கு விலகி நாட்டுக. வேலி மூடுண்டபின் அதன்மேல் இன்னொன்றை நாட்டி, மாரிமழை தொடங்கியதும் குவியல்மீது அடம்பன் கொடியைப் படரவிடலாம்.