புதுச்சேரியில் கார்ட் ரேஸ் சீசன் நடத்த எந்த மாதம் சரி? மழை, தேர்வு, தேரோட்டம், தேர்தல்... தேதி குறிப்பதில் இருக்கும் சிக்கல் என்ன?

2023 டிசம்பர் 9, 10. சென்னை தீவுத்திடலைச் சுற்றி இரவு நேர ஃபார்முலா 4 பந்தயம் நடக்க வேண்டிய சனி, ஞாயிறு அது. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் தனியார் ரேஸிங் நிறுவனமும் சேர்ந்து ஏற்பாடு செய்திருந்தன. அதற்குச் சில நாள் முன்பு மிக்ஜாம் புயல் வந்தது. சென்னையே தண்ணீரில் நின்றதால் பந்தயம் தள்ளிவைக்கப்பட்டது. கடைசியில் அது நடந்தது 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில். கிட்டத்தட்ட ஒன்பது மாதம் கழித்து!

அந்த ஆகஸ்ட் 31-ம் சுமுகமாகப் போகவில்லை. சர்வதேச மோட்டார் கூட்டமைப்பான எஃப்ஐஏவின் சான்றிதழை அன்று நண்பகலுக்குள் பெற வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் கூறியிருந்தது. மாலையில் மழை பெய்து ஆய்வு தாமதமாக, அந்தக் கெடு இரவு 8 மணி வரை நீட்டிக்கப்பட்டது. பந்தயங்கள் மறுநாள் ஞாயிற்றுக்கிழமைதான் நடந்தன.

அரசே பின்னால் நின்ற போட்டிக்கே இந்த நிலை என்றால், பள்ளிப் பிள்ளைகள் ஓட்டும் ஒரு வட்டார கார்ட் ரேஸ் சீசனுக்கு? அதுவும் புதுச்சேரி போன்ற ஒரு கடலோர ஊரை மையமாக வைத்து நான்கைந்து சுற்றுகள் நடத்த வேண்டும் என்றால், காலண்டரில் இடம் எங்கே இருக்கிறது? 2024-ஐ உதாரணமாக வைத்துப் பார்க்கலாம்.

முதலில், கார்ட் ரேஸ் என்றால் என்ன?

சுற்றுலாத் தலங்களில் காசு கொடுத்துப் பத்து நிமிடம் ஓட்டும் கோ கார்ட்டை எல்லோரும் பார்த்திருப்போம். போட்டி கார்ட் அதன் அண்ணன். சஸ்பென்ஷன் கிடையாது. தரையை ஒட்டி உட்கார்ந்து ஓட்ட வேண்டும். ரோட்டாக்ஸ் மேக்ஸ் போன்ற போட்டிகளில் ஜூனியர், சீனியர் பிரிவுகளுக்கு 125 சிசி இன்ஜின். சின்னப் பிள்ளைகளுக்குத் தனிப் பிரிவு உண்டு. பெரிய ஃபார்முலா கார்களுக்குப் போகும் வீரர்களில் பெரும்பாலானோர் இங்கிருந்துதான் தொடங்குகிறார்கள்.

இந்தியாவில் இந்தப் போட்டிகளுக்கு அனுமதி தருவது எஃப்எம்எஸ்சிஐ எனப்படும் இந்திய மோட்டார் விளையாட்டுக் கழகங்களின் கூட்டமைப்பு. தமிழ்நாட்டில் இரண்டு முக்கியமான இடங்கள்: சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் இயங்கும் பந்தயப் பாதை, கோவை செட்டிப்பாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே. இருங்காட்டுக்கோட்டை பாதையை நடத்துவது 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப். கார்ட்டிங்குக்கென்றே அங்கு தனி டிராக்கும் வந்துவிட்டது.

ஆக, புதுச்சேரிப் பிள்ளை ஒருவர் சீரியஸாக ரேஸ் ஓட்டணும்னா சென்னைக்கும் கோவைக்கும் போய்த்தான் ஆகணும். கார்ட்டை ஏற்ற வண்டி, மெக்கானிக், டயர், நுழைவுக் கட்டணம், தங்கும் அறை என்று ஒவ்வொரு சுற்றுக்கும் செலவு இருக்கிறது. தேதி மாறினால் இதில் பாதி திரும்பி வராது. இந்தக் கட்டுரையில் இனி வரும் எல்லாவற்றையும் இந்தக் கணக்கோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

மழைதான் பெரிய வில்லனா?

ஆமாம், ஆனால் எல்லா மழையும் இல்லை. லேசான மழையில் கார்ட் ஓட்டலாம். அதற்கென்றே பள்ளம் வெட்டிய 'வெட்' டயர்கள் இருக்கின்றன. ஈரப் பாதையில் ஓட்டுவது தனித் திறமை என்பதால் சிலர் மழைக்காகக் காத்திருப்பார்கள். பாதையில் தண்ணீர் தேங்கினாலோ, இடி மின்னல் இருந்தாலோ கதை வேறு.

புதுச்சேரிக்கு அதிக மழை தருவது அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, 24 மணி நேரத்தில் 46 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அதற்கு முன் ஊரின் உச்சம் 2004 அக்டோபர் 31-ல் பதிவான 21 செ.மீ. மழைதான். அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். மக்களை மீட்க ராணுவமே வந்தது.

கவனிக்க வேண்டிய விஷயம், 2024 நவம்பர் 30 ஒரு சனிக்கிழமை. சீசனின் கடைசிச் சுற்றை நவம்பர் இறுதியில் வைத்திருந்தால், சரியாக அந்த வாரம் போயிருக்கும். புயல் அடித்த வாரத்தில் ரேஸ் நடத்துவது பற்றி யாரும் பேசக்கூட முடியாது. ஆம்புலன்ஸ், போலீஸ், தீயணைப்பு எல்லாம் வேறு வேலையில் இருக்கும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை வேறு மாதிரி. பகலில் வெயில் காய்ந்து, சாயங்காலம் திடீரென இடியோடு மழை வரும். சென்னையில் ஆகஸ்ட் 31 அன்று வந்ததும் மாலை மழைதான். அதனால் இந்த மாதங்களில் காலை சீக்கிரமே தொடங்கி, மதியத்துக்குள் இறுதிப் பந்தயத்தை முடிப்பது நல்லது.

அப்போ கோடையில நடத்தலாமே?

இங்கேதான் பள்ளிக்கூடம் குறுக்கே வருகிறது. கார்ட் ஓட்டுபவர்களில் பெரும்பாலோர் மாணவர்கள். புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இக்கு மாறிவிட்டன. சிபிஎஸ்இ பொதுத்தேர்வு பிப்ரவரி நடுவிலேயே தொடங்கிவிடும். தமிழ்நாடு பாடத்திட்டப் பள்ளிகளுக்கு மார்ச், ஏப்ரலில் தேர்வு. 2024-ல் பிளஸ் 2 தேர்வு மார்ச் 1-ல் தொடங்கியது. பத்தாம் வகுப்புத் தேர்வு ஏப்ரல் 8-ல் முடிந்தது. ஒரே பந்தயத்தில் ஓடும் இரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு தேர்வு அட்டவணை.

தேர்வு முடிந்தால் தேர்தல். 2021-ல் புதுச்சேரி சட்டப்பேரவைக்கு ஏப்ரல் 6-ல் வாக்குப்பதிவு. 2024-ல் மக்களவைக்கு ஏப்ரல் 19-ல். தேர்தல் நேரத்தில் போலீஸ் பாதுகாப்பும் அனுமதியும் கிடைப்பது கடினம்.

அது முடிந்தால் மே மாதம், கத்திரி வெயில். உராய்வைத் தாங்கும் உடை, ஹெல்மெட், கையுறை எல்லாம் போட்டுக்கொண்டு ஒரு பத்து வயதுப் பிள்ளை சூடான இன்ஜினுக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும். பள்ளி விடுமுறை கிடைக்கும் ஒரே நீண்ட காலத்தில் உடம்பு ஒத்துழைக்காது. விளக்கு வசதியுள்ள டிராக்கில் இரவு ஓட்டலாம் என்றால், அந்தச் செலவும் நுழைவுக் கட்டணத்தில்தான் ஏறும்.

திருவிழாக்களுக்கும் ரேஸுக்கும் என்ன சம்பந்தம்?

சாலைதான் சம்பந்தம். மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரைக்கு மயிலம் முருகன், தீவனூர் பிள்ளையார் என்று சுற்றுவட்டாரத்துச் சுவாமிகள் எல்லாம் வருவார்கள். கூடவே பெருங்கூட்டமும் வரும். 2024-ல் அது பிப்ரவரி 24, சனிக்கிழமை. அன்றைக்கு கார்ட் ஏற்றிய லாரி திண்டிவனம் சாலையில் என்ன செய்யும்?

வைகாசி, ஆனியில் வில்லியனூர் திருக்காமீஸ்வரர் கோயில் தேரோட்டம். ஆடியில் வீராம்பட்டினம் செங்கழுநீரம்மன் தேர். பிரெஞ்சு ஆட்சியில் கவர்னர் வடம் பிடித்த வழக்கம் இன்றும் துணைநிலை ஆளுநர், முதல்வரோடு தொடர்கிறது. அரசாங்கமே தேர் இழுக்கும் நாளில் ரேஸுக்கு போலீஸ் கேட்க முடியாது.

ஆகஸ்ட் 15, 16-ம் இப்படித்தான். 15 சுதந்திர தினம் மட்டுமல்ல, அரவிந்தர் பிறந்த நாளும் கூட. 16-ம் தேதி, 1962-ல் பிரெஞ்சுப் பகுதிகள் சட்டப்படி இந்தியாவோடு இணைந்த நாள். நடைமுறையில் ஆட்சி கைமாறியது 1954 நவம்பர் 1. அதுவே புதுச்சேரியின் விடுதலை நாள். 2024-ல் தீபாவளி அக்டோபர் 31, மறுநாள் விடுதலை நாள். புதுச்சேரிக்காரர்களுக்கு வெள்ளியும் விடுமுறை.

லீவு சேர்ந்து வந்தால் ரேஸ் வைக்க வசதிதானே என்று தோன்றும். ஆனால் நீண்ட வார இறுதி என்றால் சென்னை, பெங்களூரு கார்கள் எல்லாம் புதுச்சேரிக்குத்தான் வரும். ரூம் வாடகை ஏறும். வெளியூரிலிருந்து வரும் ரேஸ் குடும்பத்துக்கு அதே அறை இரட்டைச் செலவு.

மற்ற ரேஸ்களோடும் மோதுமா?

மோதும். இது வெளியில் அதிகம் தெரியாத சிக்கல். ஒரு ரேஸ் நடக்க கொடி காட்டும் மார்ஷல்கள், வண்டிகளைச் சோதிக்கும் அதிகாரிகள், நேரம் கணக்கிடுபவர்கள், டாக்டர், ஆம்புலன்ஸ் வேண்டும். பாதையில் ஆம்புலன்ஸ் இல்லாமல் பந்தயத்தைத் தொடங்கக் கூடாது. அடிபட்டவரை அழைத்துக்கொண்டு அது கிளம்பிவிட்டால், மாற்று வண்டி வரும்வரை நிறுத்தி வைக்க வேண்டும். அனுபவமுள்ள மார்ஷல்கள் தென்னிந்தியாவில் எண்ணிவிடக் கூடிய அளவில்தான். தேசிய பைக் அல்லது கார் போட்டி அதே வாரம் நடந்தால் அவர்கள் அங்கே போய்விடுவார்கள்.

உலக அளவிலும் இது நடக்கிறது. 2016-ல் அஜர்பைஜானின் பாகுவில் நடந்த எஃப்1 பந்தயமும் லு மான் 24 மணி நேரப் பந்தயமும் ஒரே வார இறுதியில் வந்தன. முந்தைய ஆண்டு லு மானில் வென்ற நிகோ ஹுல்கன்பெர்க், எஃப்1 ஓட்ட வேண்டியிருந்ததால் பட்டத்தைத் தக்கவைக்கப் போகவே முடியவில்லை.

2024-ல் இன்னொரு பாடம். ரமலான் தொடங்குவதால் சவுதி பந்தயம் ஞாயிறுக்குப் பதில் மார்ச் 9 சனிக்கிழமைக்கு வந்தது. இரண்டு பந்தயங்களுக்கு நடுவில் ஒரு வார இடைவெளி வேண்டும் என்பதால், அதற்கு முந்தைய பஹ்ரைன் பந்தயமும் மார்ச் 2 சனிக்கிழமைக்கு நகர்ந்தது. ஒரு தேதியை நகர்த்தினால் இன்னொன்றும் நகரும். ஆனால் அங்கே பல மாதங்களுக்கு முன்பே அறிவித்துவிட்டார்கள். பிரச்னையைப் பாதியாகக் குறைப்பது அந்த முன்னறிவிப்புதான்.

சரி, மிச்சம் என்ன இருக்கு?

இத்தனையும் கழித்துப் பார்த்தால் புதுச்சேரி காலண்டரில் இரண்டு ஜன்னல்கள் தெரிகின்றன. ஒன்று, பொங்கல் முடிந்து பிப்ரவரி முதல் பாதி வரை. மழை ஓய்ந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது, பொதுத்தேர்வு தொடங்கியிருக்காது. இரண்டாவது, ஜூன் இறுதியிலிருந்து செப்டம்பர் வரை. தேரோட்டங்கள், ஆகஸ்ட் 15, விநாயகர் சதுர்த்தி வாரங்களைத் தவிர்த்து, காலை நேரப் பந்தயங்களாக.

இதில் நான்கைந்து சுற்றுகள் அடங்கும். ஒரே வார இறுதியில் இரண்டு சுற்றுகளை நடத்தினால் பயணச் செலவும் குறையும். அக்டோபருக்கு எதையும் தள்ளிவைக்காமல் இருப்பது முக்கியம்.

தேதி மாறினால் யாருக்கு நஷ்டம்?

வசதியான அணிக்கு தேதி மாற்றம் ஒரு தொந்தரவு, அவ்வளவுதான். கடன் வாங்கி ஓட்டும் குடும்பத்துக்கு அது ஒரு சுற்றையே இழப்பது. புதிய தேதியில் பிள்ளைக்குத் தேர்வு இருந்தால், புள்ளிப் பட்டியலில் பூஜ்யம். ஓட்டுவதில் தோற்காமலேயே சாம்பியன்ஷிப் போய்விடும்.

இதற்கு ஒரு பழைய மருந்து இருக்கிறது: மோசமான சுற்றுகளைக் கழித்துவிட்டு, சிறந்த முடிவுகளை மட்டும் கூட்டுவது. எஃப்1-லேயே 1990 வரை இந்த முறை இருந்தது. 1988-ல் 16 பந்தயங்களில் சிறந்த 11 மட்டுமே கணக்கு. மொத்தமாகக் கூட்டினால் அலைன் ப்ரோஸ்ட் 105, அயர்டன் சென்னா 94. கழித்த பிறகு சென்னா 90, ப்ரோஸ்ட் 87. சாம்பியன் சென்னா!

ப்ரோஸ்டுக்கு அது அநியாயமாகத் தெரிந்திருக்கலாம். எல்லாச் சுற்றிலும் நிதானமாகப் புள்ளி சேர்ப்பவரை இந்த முறை தண்டிக்கிறது என்ற விமர்சனத்தில் நியாயமும் உண்டு. ஆனால் பள்ளிப் பிள்ளைகள் ஓட்டும் வட்டாரப் போட்டியில், ஐந்தில் நான்கு சுற்றை மட்டும் கணக்கில் எடுத்தால், தேர்வுக்காக ஒரு சுற்றைத் தவறவிட்டவரும் கடைசி வரை போட்டியில் இருப்பார்.

பெற்றோர் கட்டணம் கட்டும் முன் என்ன கேட்க வேண்டும்?

ஒன்று, ஒவ்வொரு சுற்றுக்கும் மாற்றுத் தேதி இப்போதே அறிவிக்கப்பட்டிருக்கிறதா? இரண்டு, தள்ளிவைத்தால் கட்டணம் திரும்பக் கிடைக்குமா, அல்லது அடுத்த சுற்றுக்குச் சேருமா? மூன்று, மழையால் பாதியில் நின்றால் புள்ளிகள் எப்படித் தருவார்கள்? நான்கு, ஒரு சுற்றைக் கழிக்கும் விதி இருக்கிறதா? ஐந்து, போட்டிக்கு எஃப்எம்எஸ்சிஐ அனுமதி இருக்கிறதா?

இவற்றை வாய்மொழியாகக் கேட்டால் போதாது. போட்டி விதிமுறைப் புத்தகத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். சீசன் தொடங்கிய பிறகு விதி சேர்த்தால், அது யாருக்குச் சாதகமாக வந்தது என்ற சண்டைதான் மிஞ்சும்.