மேல வீதியில் பந்து

சால்ட் லேக் மைதானத்தின் மூன்றாம் அடுக்கில் உட்கார்ந்து கால்பந்து பார்த்த அனுபவம் நம் சங்கத்து அன்பர்கள் பலருக்கு இருக்கும். 1984-இல் திறந்தபோது ஆசியாவின் பெரிய மைதானங்களில் ஒன்று என்று ஊரே பெருமைப்பட்டது. பெருமை சரிதான். ஆனால் ஆட்டத் தரைக்கும் கேலரிக்கும் நடுவே ஓட்டப்பந்தயத் தடம் வேறு சுற்றி வருகிறதே! மேலே இருந்து பார்த்தால் ஆட்டக்காரர்கள் எல்லாம் சதுரங்கக் காய் அளவுதான். யார் பந்தை உதைத்தார், யார் வாங்கினார் என்பதைப் பக்கத்து ஆளிடம்தான் கேட்க வேண்டும். பக்கத்து ஆளோ தன் பக்கத்து ஆளிடம் கேட்டுக்கொண்டிருப்பார்.

இதற்கு அந்த நாளில் இரண்டு வைத்தியங்கள் இருந்தன. ஒன்று பைனாகுலர். மற்றொன்று காதோடு ஒட்டிய டிரான்சிஸ்டர். இரண்டையும் நான் கையாண்டிருக்கிறேன். மூன்றாவதாக ஒன்றை என் அப்பா கற்றுக்கொடுத்தார். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

எட்டாத ஆட்டத்தை எப்படியாவது பார்த்துவிடுவது என்பது இந்த ஊரின் பழைய கலை. 1911 ஜூலை 29 அன்று ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதியாட்டத்தில் மோகன் பகான் ஈஸ்ட் யார்க்ஷயர் படைப்பிரிவை 2-1 என்று வென்றபோது, உள்ளே நுழைய முடியாத கூட்டத்துக்குக் காற்றாடி பறக்கவிட்டுக் கோல் கணக்கைத் தெரிவித்தார்கள். பின்னாளில் மைதான் பகுதியில் அட்டைக் குழாயில் இரண்டு கண்ணாடித் துண்டுகளைச் சாய்த்துப் பொருத்திய பெரிஸ்கோப்பைத் தூக்கிப் பிடித்து, முன்னால் நிற்பவர் தலைக்கு மேலாக ஆட்டம் பார்த்தார்கள். அதன் தம்பிதான் பைனாகுலர் என்று வைத்துக்கொள்ளலாம்.

நான் 1973-இல் இருபத்து நான்கு வயதில் சிதம்பரத்திலிருந்து கல்கத்தாவுக்கு வேலைக்கு வந்தவன். லேக் மார்க்கெட் பக்கம் ஒரு மெஸ்ஸில் வாசம். வங்காளம் ஒரு எழுத்துத் தெரியாது. எனக்கு அந்த மொழியைச் சொல்லிக் கொடுத்தது பள்ளியும் அல்ல, புத்தகமும் அல்ல. ஆகாசவாணியின் கால்பந்து வர்ணனை. மழைக்கால மாலைகளில் டீக்கடை ரேடியோவில் அஜய் பாசு, புஷ்பேன் சர்க்கார், கமல் பட்டாச்சார்யா ஆகியோரின் குரல்கள் கேட்கும். ‘டான் திக்’ என்றால் வலப்பக்கம், ‘பா திக்’ என்றால் இடப்பக்கம். பந்து எங்கே போகிறது என்று புரிந்துகொள்ளத் தொடங்கினேன். ஆறு மாதத்தில் காய்கறிக்காரரோடு பேரம் பேசவும் வந்துவிட்டது. அலுவலக நண்பர்கள் என்னை மோகன் பகான் கட்சியில் சேர்த்துவிட்டார்கள். இந்த ஊரில் ஏதாவது ஒரு கட்சியில் சேராமல் மதியச் சாப்பாடு இறங்காது.

அப்பா சிதம்பரத்தில் பள்ளி ஆசிரியர். பிள்ளைகளின் கால்பந்துக் குழுவுக்கும் அவரே பொறுப்பு. அவர் ஈஸ்ட் பெங்கால் கட்சி. கல்கத்தாவை எட்டிக்கூடப் பார்க்காத மனிதர் எப்படி ஈஸ்ட் பெங்கால் ஆனார்? காரணம் துளசிதாஸ் பலராம். செகந்திராபாத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. 1957 முதல் ஈஸ்ட் பெங்காலுக்கு ஆடினார். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியிலும் இருந்தார். பி.கே. பானர்ஜி, சுனி கோஸ்வாமி, பலராம் என்ற மூன்று பெயரையும் அப்பா வாய்ப்பாடு மாதிரி சொல்லுவார். பலராம் ஆடி அவர் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. எல்லாம் பத்திரிகையில் படித்ததுதான்.

அம்மா காலமான பிறகு, 1996-இல் அப்பாவை இங்கே அழைத்து வந்தேன். வந்த பிறகுதான் தெரிந்தது, அவருக்குக் கண்ணில் கிளாக்கோமா முற்றியிருந்தது. நிலைப்படியில் இடித்துக்கொள்வார், தட்டின் ஓரத்தில் வைத்த அப்பளம் தெரியாது. வயசுக் கோளாறு என்று நாங்கள் நினைத்துவிட்டோம். இந்த நோய் பெரும்பாலும் வலிக்காது. பார்வையைப் பக்கவாட்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டு வரும். போன பார்வை திரும்பாது. மிச்சத்தைத்தான் காப்பாற்றலாம் என்றார் டாக்டர்.

‘கண் இருக்கும்போதே ஒரு மேட்ச் பார்த்துடணும்டா’ என்றார் அப்பா.

சாந்தினி சந்தையில் பழைய பைனாகுலர் ஒன்று வாங்கினேன். 10x50 என்று போட்டிருந்தது. பத்து மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடியின் விட்டம் 50 மில்லிமீட்டர் என்று அர்த்தம். பெரிது பெரிது என்று ஆசைப்பட்டது என் தவறு. இந்த ரகத்தில் 150 மீட்டர் தூரத்தில் சுமார் 17 மீட்டர் அகலம்தான் தெரியும். ஆட்டத் தரையின் நீளமோ 105 மீட்டர். பந்து ஒரே உதையில் கண்ணாடியை விட்டு ஓடிவிடும். நாம் புல்லைப் பார்த்துக்கொண்டிருப்போம். கனமும் அதிகம், கை கொஞ்சம் நடுங்கினால் அந்த நடுக்கமும் பத்து மடங்கு பெரிதாகிவிடும்.

ஒரு சாதாரண லீக் ஆட்டத்துக்கு அப்பாவை அழைத்துப் போய் அதைக் கையில் கொடுத்தேன். இரண்டு நிமிடம் பார்த்தார். பிறகு என் மடியில் வைத்துவிட்டார்.

‘எனக்கு ஏற்கெனவே ரெண்டு குழாய் இருக்குடா. அதுக்கு மேல இன்னும் ரெண்டு குழாயா?’

டிரான்சிஸ்டரைக் காதில் வைத்தேன். வர்ணனை வங்காளத்தில் ஓடியது. ‘கோல்’ என்ற சொல் மட்டும்தான் அவருக்குப் புரிந்தது. அது ஒரு சொல்லுக்காக ஒன்றரை மணி நேரம் காத்திருக்க முடியுமா? ‘நீயே சொல்லேன்’ என்றார். ‘பந்து அந்தப் பக்கம் போகிறது’ என்று ஆரம்பித்தேன். ‘எந்தப் பக்கம்? உன் அந்தப் பக்கம் எனக்கு எப்படித் தெரியும்?’ என்று அதட்டினார், வகுப்பில் அதட்டுவது போலவே. பிறகு அவரே வழி சொன்னார்.

‘நாம உட்கார்ந்திருக்கிற பக்கம் மேல வீதி. எதிர்ப்பக்கம் கீழ வீதி. ரெண்டு கோலும் வடக்குக் கோபுரம், தெற்குக் கோபுரம். நடு வட்டம் சிவகங்கைக் குளம். இப்போ சொல்லு.’

சிதம்பரத்தில் பிறந்தவனுக்கு அதற்குமேல் வரைபடம் வேண்டுமா! ‘பந்து குளக்கரையில்... கீழ வீதிக்குத் தள்ளிட்டான்... வடக்குக் கோபுர வாசல்... உள்ளே தூக்கறான்... காப்பாளன் பிடிச்சிட்டான்.’ அப்பாவின் தலை என் சொல்லோடு சேர்ந்து திரும்பியது. முன்வரிசைக்காரர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு ‘மேஷோமஷாய் என்ன சொல்கிறார்?’ என்று விசாரித்து, இடம் விட்டு உட்கார்ந்தார்கள்.

லண்டன் பி.பி.சி. 1927 ஜனவரியில் முதல் கால்பந்து வர்ணனையை ஒலிபரப்பியபோது, மைதானத்தை எண்ணிட்ட கட்டங்களாகப் பிரித்த படத்தைப் பத்திரிகையில் அச்சிட்டார்கள். பந்து இருக்கும் கட்டத்தின் எண்ணைச் சொல்ல ஒருவர் தனியாக உட்கார்ந்திருந்தார். இதை நான் வெகுகாலம் கழித்துத்தான் படித்தேன். அப்பா அதைக் கேள்விப்பட்டிருக்க நியாயமில்லை. தேவை வந்தால் புத்தி ஒரே வழியில்தான் போகும் போலிருக்கிறது.

அடுத்த ஆண்டு வந்தது அந்தப் பெரிய ஆட்டம். 1997 ஜூலை 13, ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதி. மோகன் பகானுக்குப் பயிற்சியாளர் அமல் தத்தா. அவருடைய ‘டைமண்ட்’ வியூகத்தைப் பற்றித்தான் ஊரெங்கும் பேச்சு. ஈஸ்ட் பெங்காலுக்குப் பயிற்சியாளர் பி.கே. பானர்ஜி, அப்பாவின் வாய்ப்பாட்டில் முதல் பெயர். ‘போயே தீரணும்’ என்றார். என் மனைவிக்குச் சம்மதம் இல்லை. ‘1980 மறந்துபோச்சா உங்களுக்கு? ஈடன் கார்டன்ஸில் பதினாறு பேர் போனாங்களே. கண் தெரியாதவரைக் கூட்டிட்டுப் போறீங்க’ என்றாள். அவள் பயம் நியாயமானது. ஆகஸ்ட் 16-ஐ இந்த ஊர் இன்னும் மறக்கவில்லை. ஆட்டத்துக்குப் பல மணி முன்பே போய், கூட்டம் கலைந்த பிறகே எழுந்திருப்பது என்று வாக்குக் கொடுத்துத்தான் கிளம்பினோம்.

கூட்டம் 1,31,000-க்கு மேல் என்று மறுநாள் பத்திரிகைகள் எழுதின. எங்களுக்குக் கிடைத்த டிக்கெட் ஈஸ்ட் பெங்கால் கேலரி. சிவப்பும் மஞ்சளுமாகக் கொடிகள். நடுவில் வாயைத் திறக்க முடியாத ஒரு மோகன் பகான்காரன், பக்கத்தில் வாயெல்லாம் பல்லாக அவன் அப்பா.

முதல் கோல் நஜீமுல் ஹக் போட்டார். ஈஸ்ட் பெங்கால். கேலரி எழுந்து ஆடியது. நான் உட்கார்ந்தே இருந்தேன். என் வாய் தானாக நின்றுவிட்டது. அப்பா என் கையைப் பிடித்தார்.

‘ஏண்டா நிறுத்திட்டே? எப்படிப் போட்டான்? எந்தப் பக்கத்திலிருந்து?’

‘போட்டுட்டான், அவ்வளவுதான்.’

‘உன் கட்சி தோத்தா என் கண்ணுக்கு லீவா?’

அந்தக் கேள்வி இன்றும் என் காதில் இருக்கிறது. அதன் பிறகு ஒன்றையும் விடாமல் சொன்னேன். பாய்சுங் பூட்டியா மூன்று கோல் போட்டார். மூன்றையும் வீதி, வாசல், கோபுரம் என்று வரிசை தப்பாமல் சொன்னேன். நடுவே எங்கள் சீமா ஒகோரி ஒன்று போட்டபோது என் குரல் கொஞ்சம் கூடுதலாக உயர்ந்திருக்கும், அப்பா சிரித்தார். 4-1. என் வாழ்க்கையில் மிக மோசமான தோல்வியை, மிகச் சிரத்தையாக, என் வாயாலேயே வர்ணித்தேன். கூட்டம் கலையும்வரை உட்கார்ந்திருந்தோம். ‘நன்னா பார்த்தேன்டா’ என்றார் அப்பா. ‘கேட்டேன்’ என்று சொல்லவில்லை.

1999-இல் அவர் காலமானார். அப்போது அந்த டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது: பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இருந்தால் நமக்கும் வரும் வாய்ப்பு அதிகம். போய்ப் பார்த்தேன். எனக்கும் தொடங்கியிருந்தது. நேரத்தோடு கண்டுபிடித்ததால் தினமும் சொட்டு மருந்தோடு காலம் ஓடுகிறது. இடது கண்ணின் ஓரம் மட்டும் கொஞ்சம் போயிற்று. வீட்டில் யாருக்காவது இந்த நோய் உள்ள அன்பர்கள், நாற்பது தாண்டியிருந்தால் கண் அழுத்தத்தைச் சோதித்துக்கொள்ளுங்கள். அப்பாவின் அப்பளத்தை நாங்கள் கவனித்திருக்க வேண்டும்.

பைனாகுலர் வாங்குவோருக்கு என் அனுபவம் இதுதான். எட்டு மடங்குக்கு மேல் வேண்டாம். 8x30 போதும், எடையும் குறைவு. பந்து ஓடும்போது வெறுங்கண்ணால் பாருங்கள். கார்னர், ஃப்ரீ கிக், ஆள் மாற்றம் என்று ஆட்டம் நிற்கும்போது மட்டும் தூக்குங்கள். கொண்டுபோக அனுமதி உண்டா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

வர்ணனை இப்போது கைப்பேசியில் வருகிறது. ஆனால் அந்த நாள் டிரான்சிஸ்டரின் வேகம் இதற்கு இல்லை. ரேடியோ அலை நொடியில் வந்துவிடும். எதிர்க் கேலரியின் கூச்சல்கூட 250 மீட்டர் கடந்து வர முக்கால் விநாடி ஆகும். இணையத்தில் வருவதோ துண்டு துண்டாகச் சேர்த்து வைத்துக்கொண்டு பின்னால் மெதுவாக வருகிறது.

2023 செப்டம்பர் 3 அன்று டூரண்ட் கோப்பை இறுதியாட்டத்துக்குப் பேத்தியோடு போனேன். மீண்டும் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால். அனிருத் தாப்பா சிவப்பு அட்டை வாங்கி வெளியேற, எங்கள் பக்கம் பத்துப் பேர். பெட்ராடோஸ் கோல் போட்டு ஊரே குதித்து உட்கார்ந்த பிறகுதான் பேத்தியின் கைப்பேசியில் அவர் பந்தோடு ஓடத் தொடங்கினார். அவள் அதை அணைத்துப் பையில் போட்டாள்.

‘தாத்தா, உங்களுக்கு இடது ஓரம் தெரியலையே, நான் சொல்லட்டுமா?’ என்றாள். மேல வீதி, கீழ வீதிக் கதையை அவளுக்கு முன்பே சொல்லியிருந்தேன். ஆனால் அவள் சிதம்பரம் பார்த்ததில்லை.

‘இந்தக் கோல் கரியாஹாட். அந்தக் கோல் ஷ்யாம்பஜார். சரியா?’

சரி என்றேன். ‘ஒன்றையும் விடாமல் சொல்லணும்’ என்றும் சொல்லி வைத்தேன். மோகன் பகான் 1-0 என்று வென்றது. அவள் ஈஸ்ட் பெங்கால். ஆனாலும் கடைசி விசில் வரை நிறுத்தவில்லை.