ரூத் என்றால் என்ன பொருள்?



ஒரு நாள் மூன்றாம் வகுப்பில் பிள்ளைகளை எழுப்பி, அவரவர் பெயரின் பொருளைச் சொல்லச் சொன்னேன். செந்தாமரை சொன்னாள்; மலர்விழி சொன்னாள். ரூத் என்ற சிறுமியின் முறை வந்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "ரெண்டே எழுத்து, சார்! அதுக்கு ஏது அர்த்தம்?" என்றான் பின்வரிசைப் பையன் ஒருவன். வகுப்பே சிரித்தது. எனக்கும் அன்று பதில் தெரியவில்லை. அந்த வெட்கத்தில் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ரூத் என்பது எபிரேயப் பெயர். கிறிஸ்தவ வேதாகமத்தின் பழைய ஏற்பாட்டில் இப்பெயரிலேயே 4 அதிகாரங்கள் கொண்ட சிறு நூல் உண்டு. 'தோழி' என்பதே நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வரும் பொருள். தோழமையைக் குறிக்கும் எபிரேயச் சொல்லில் உள்ள ஓர் எழுத்து இப்பெயரில் இல்லை. ஆகவே, 'தாகம் தீர்ந்த நிறைவு' என்று பொருள் கொள்வோரும் உண்டு.

அந்தக் கதையில் மற்றப் பெயர்களுக்கும் பொருள் உண்டு. பெத்லகேம் என்றால் 'அப்பத்தின் வீடு'. அந்த ஊரிலேயே பஞ்சம் வந்தது! பிழைப்புத் தேடி ஒரு குடும்பம் சாக்கடலுக்குக் கிழக்கே இருந்த மோவாப் நாட்டுக்குப் போயிற்று. அங்கே குடும்பத் தலைவர் இறந்தார். மோவாபியப் பெண்களை மணந்த இரு மகன்களும் இறந்தனர். எஞ்சியவர்கள் மாமியார் நகோமியும், மருமகள்களான ஓர்பாளும் ரூத்தும்தான். நகோமி என்றால் 'இனியவள்'. ஊர் திரும்பியதும் அவள், தன்னை இனி 'மாராள்', அதாவது 'கசப்பானவள்' என்றே கூப்பிடச் சொன்னாள்.

மாமியார் சொற்படி ஓர்பாள் அழுதுகொண்டே தாய்வீடு திரும்பினாள். ரூத் மட்டும் பிரிய மறுத்து உடன் வந்தாள். பெத்லகேமில் அவள் அந்நியப் பெண். மோவாபியரைச் சபையில் சேர்க்கக் கூடாது என்ற கட்டளையும் அங்கே இருந்தது. ஆயினும் வாற்கோதுமை அறுவடையில், அறுப்பவர்களுக்குப் பின்னால் நடந்து, சிந்திய கதிர்களைப் பொறுக்கினாள். சிந்தியதை ஏழைக்கும் பரதேசிக்கும் விட்டுவிட வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கும் நம் பெண்களுக்கு அந்த இடுப்பு வலி தெரியும். நண்பகலில் கிடைத்த வறுத்த தானியத்தில், தான் உண்டது போக மீதியை மாமியாருக்கு எடுத்து வந்தாள். தோழி என்ற பெயருக்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டுமா?

பின்னர் வயலின் உரிமையாளர் போவாஸ் அவளை மணந்தார். அவர்கள் மகன் ஓபேத். ஓபேத்தின் பேரன்தான் தாவீது அரசர். பிள்ளை பிறந்தபோது ஊர்ப் பெண்கள், ஏழு மகன்களைவிட இந்த மருமகள் மேல் என்று நகோமியிடம் சொல்லி வாழ்த்தினார்கள்.

மறுவாரம் இக்கதையை வகுப்பில் சொன்னேன். "அப்ப ரூத்துன்னா தோழியா, சார்?" என்று கேட்டான் அதே பையன். நான் வாய் திறக்குமுன், "ஆமா!" என்று அவளே எழுந்து சொன்னாள்.

பெற்றோர்களே, பெயர் வைப்பதோடு நம் கடமை முடிந்துவிடுவதில்லை. அதன் பொருளையும் சொல்லிப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புங்கள்.