கடலில் இருக்கும் காரீயமா, கையில் இருக்கும் காரீயமா?

கடற்கரைக்குச் சென்றால் கடல்நீரைச் சிறிது நாவில் வைத்துப் பார்த்திருப்பீர்கள். உப்புக் கரித்திருக்கும். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு கரைந்துள்ளது. இரும்பு, தாமிரம், துத்தநாகம், காரீயம் முதலிய உலோகங்களும் அதில் உண்டு. ஆனால் அவை நாவுக்குத் தெரியாத அளவு மிகமிகக் குறைவு.

எவ்வளவு குறைவு? 1981-ல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, வட பசிபிக் கடலின் மேல்மட்ட நீரில் கிலோவுக்கு 5 முதல் 15 நானோகிராம் காரீயமே இருந்தது. ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கினால் ஒரு பங்கே ஒரு நானோகிராம். கிலோவுக்கு 10 நானோகிராம் எனக் கொண்டால், ஒரு கிராம் காரீயம் ஏறத்தாழ 10 கோடி லிட்டர் நீரில் பரவியிருக்கும். அந்நீரிலுள்ள உப்போ 3,500 டன்!

இதை அளக்கப் புகுந்தால் முதல் எதிரி அளப்பவரேதான். கப்பலின் வண்ணப்பூச்சு, இரும்பு வடம், புகை, ஆய்வுக்கூடத் தூசி, நம் விரல்கள் ஆகிய எல்லாவற்றிலிருந்தும் உலோகம் நீரில் சேர்கிறது. முற்காலத்தில் கடலின் அளவு என்று வெளியிடப்பட்டவற்றுள் பல, உண்மையில் பாத்திரத்து அழுக்கின் அளவே.

இதை உலகுக்கு உணர்த்தியவர் அமெரிக்க அறிஞர் கிளேர் பேட்டர்சன். 1956-ல் பூமியின் வயது சுமார் 455 கோடி ஆண்டுகள் என்று வெளியிட்டவர் இவரே. அப்பணிக்காகப் பாறைகளிலும் விண்கற்களிலும் உள்ள காரீயத்தை அளந்தபோது, வெளிக் காரீயம் ஓயாமல் வந்து கலந்தது. எனவே தூசி புகாத தூய ஆய்வறையை அமைத்துக்கொண்டார்.

இன்று இந்த அளவீடு எவ்வாறு நடைபெறுகிறது? பிளாஸ்டிக் புட்டிகளைப் பல நாட்கள் அமிலத்தில் ஊறவைத்துக் கழுவுகின்றனர். இரும்பு வடத்துக்குப் பதில் செயற்கை இழை வடத்தில் நீர்ச்சேகரிப்பானை இறக்குகின்றனர். அது மூடியபடியே மேல்மட்டத்தைக் கடந்து, ஆழத்தில்தான் திறக்கும். எடுத்த நீரை வடிகட்டி, தூய அமிலம் சேர்த்து வைக்கின்றனர். இல்லையேல் உலோகம் புட்டியின் சுவரில் ஒட்டிக்கொள்ளும்.

அடுத்தது பிரித்தெடுத்தல். நீரின் அமிலத்தன்மையைத் தக்கபடி குறைத்து, ஒருவகைப் பிசின் நிரப்பிய சிறு குழாயின் வழியே செலுத்துகின்றனர். நண்டு தன் கொடுக்கால் இரையைப் பற்றுவதுபோலப் பிசின் காரீயம் முதலிய உலோகங்களைப் பற்றிக்கொள்ளும். உப்பு பெரும்பாலும் வழிந்தோடிவிடும். பிறகு சில மில்லிலிட்டர் நைட்ரிக் அமிலத்தைச் செலுத்தினால் பிசின் பிடியை விடும். பெரிய அளவு நீரிலிருந்த உலோகம் இப்போது சிறிதளவு அமிலத்தில் திரண்டுவிட்டது. அதை அணுக்களை நிறைவாரியாகப் பிரித்து எண்ணும் கருவியில் செலுத்தி அளக்கின்றனர்.

வேலை இத்துடன் முடிவதில்லை. கடல்நீர் இல்லாமலே இத்தனை படிகளையும் மீண்டும் செய்கின்றனர். இதுவே வெற்றுச் சோதனை. கடல்நீரில் 12 நானோகிராமும் வெற்றுச் சோதனையில் 2 நானோகிராமும் கிடைத்தால், கடலுக்குரியது 10. வெற்றுச் சோதனையிலேயே 11 கிடைத்தால்? அந்த அளவீட்டை நம்ப இயலாது.

இவ்வளவு பாடு எதற்காக என்று கேட்பீர்கள். பேட்டர்சன் குழுவினர் இப்படிக் கவனமாக அளந்தபோது, ஆழ்கடலில் கிலோவுக்குச் சுமார் 1 நானோகிராம் காரீயமே இருந்தது. மேல்மட்டத்திலோ அதைப்போல் பல மடங்கு. கடலின் மேலே காரீயத்தைத் தூவியது யார்? காரீயம் கலந்த பெட்ரோலை எரித்த மோட்டார் வண்டிகளே அதில் பெரும்பங்கு வகித்தன. புகையிலிருந்த காரீயம் காற்றில் பரவிக் கடலில் விழுந்தது. நாம் சுவாசித்ததும் அதே காற்றுதான்.

பின்னர் நாடுகள் ஒவ்வொன்றாக அந்தப் பெட்ரோலைக் கைவிட்டன. இந்தியா 2000-லும், கடைசியாக அல்ஜீரியா 2021-லும் அதன் விற்பனையை நிறுத்தின. அட்லாண்டிக் கடலின் மேல்மட்ட நீரில் காரீயம் வெகுவாகக் குறைந்ததையும் இதே முறையிலான அளவீடுகளே காட்டின.

தன் கை அழுக்கை முதலில் அளந்தறிந்ததனால்தான், உலகம் கடலில் கொட்டிய அழுக்கை அறிவியலால் காண முடிந்தது.