ஒரே ஆற்று நீர், இரண்டு கொடிகள்

ஒரு தேசத்து ஊர் வேறொரு தேசத்து ஊரைத் தன் சகோதர நகரமாக வரித்துக்கொண்டு, நகரசபைத் தலைவர்கள் கூடிக் கையொப்பமிட்டு, ஊரின் எல்லையிலே அதற்கொரு பெயர்ப்பலகையும் நாட்டிவிடுகிற சம்பிரதாயம் மேல்நாட்டில் வேரூன்றியது யுத்தங்களின் சாம்பலிலேதான். முதல் உலக யுத்தத்தில் பாழ்பட்டுப் போன பிரெஞ்சு ஊர்களை இங்கிலாந்தின் நகரங்கள் தத்தெடுத்துக்கொண்டு உதவ முன்வந்த காலத்தில், யார்க்ஷயர் பிரதேசத்து ஆலை நகரமாகிய கீத்லி, 1920-இல், வட பிரான்ஸின் புவா தியு நோர் என்னும் சிற்றூரோடு உறவு பூண்டது. இரண்டாவது யுத்தம் ஓய்ந்த பின், 1947-இல், பிரிஸ்டலும் பொர்தோவும் கைகோத்தன. அதற்குப் பிறகு ஆங்கிலக் கால்வாயின் இரு கரையிலும் சின்னஞ்சிறு கிராமங்கள்கூட ஜோடி தேடிக்கொண்டன. இவ்வூர்ப் பிள்ளைகள் அவ்வூர்க் குடும்பங்களில் தங்கி உண்டு உறங்கித் திரும்புவதும், அவர்கள் இங்கே வருவதும் வருஷாந்தர வழக்கமாயின. ராஜாங்கத் தூதர்கள் விருந்து மண்டபத்தில் பரிமாறிக்கொள்ளும் சிநேகத்தைவிட இந்தச் சமையலறைச் சிநேகம் நீடித்து நிற்கும் என்பதே இந்த ஏற்பாட்டைச் செய்தவர்களின் நம்பிக்கை.

இந்த இரு ஜாதியாரும் நம்முடைய காவிரிப் படுகையில் வந்து நடத்திய பூசலை அறிந்தவர்களுக்கு, அவர்களுடைய ஊர்கள் இன்று உறவு கொண்டாடுவது சற்று விந்தையாகவே தோன்றும். தஞ்சை மராட்டிய அரசுரிமைச் சண்டையில் தலையிட்ட பலனாகப் புதுச்சேரி கவர்னர் துய்மா 1739-இல் காரைக்காலைப் பெற்றார். பத்தே வருஷத்தில், பதவியிழந்த தஞ்சை மன்னர் சாகுஜிக்குப் பரிந்து பேசுவதாகப் படையெடுத்து வந்த ஆங்கிலேயர், கொள்ளிடத்தின் முகத்துவாரத்திலுள்ள தேவிகோட்டையைப் பிடித்துக்கொண்டு, அந்தச் சாகுஜியையே கைகழுவிவிட்டு, அவருடைய எதிரியான பிரதாபசிம்மரோடேயே சமாதானம் செய்துகொண்டார்கள். 1758-இல் பிரெஞ்சுச் சேனாதிபதி லாலி, பணத்துக்காக நாகூரைக் கொள்ளையிட்டு, புதையல் இருக்குமென்று கீழ்வேளூர்க் கோயிலைத் தோண்டிப் பார்த்து, அங்கிருந்த அந்தணர் சிலரைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டுவிட்டு, தஞ்சைக் கோட்டையை முற்றுகையிட்டும் பயனின்றிக் காரைக்கால் வழியே திரும்பினார். இந்தச் சரித்திரத்தில் எந்தத் தரப்பை மெச்சுவது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

காரைக்கால் பலமுறை கை மாறி, நெப்போலியன் யுத்தங்களுக்குப் பிறகு நிலையாகப் பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று. தஞ்சை நாடோ 1799 உடன்படிக்கையால் ஆங்கிலேயரிடம் போயிற்று. அதன்பின் இரு ராஜாங்கங்களும் நண்பர்களே. ஆனால் அந்த நட்பில் விளைந்த உடன்படிக்கைகள் எவை? 1815-இல் ஆண்டுக்கு நாலு லட்ச ரூபாய் வாங்கிக்கொண்டு பிரெஞ்சுக்காரர் உப்பு வியாபாரத்தை ஆங்கிலேயருக்கு விட்டுக்கொடுத்தது ஒன்று. 1861-இல், ஆங்கில எல்லைக்குள்ளிருக்கும் ஏழைகளையும் கூலிகளாக ஒப்பந்தம் செய்து பிரெஞ்சுத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு அனுப்பலாம் என்று இசைந்தது மற்றொன்று. அவர்கள் கப்பலேறிய துறைகளில் காரைக்காலும் ஒன்று. அரசுகளின் சிநேகம் உப்பளத்தையும் கூலியாளையும்தான் பங்கு போட்டது.

ஜனங்களின் உறவு வேறு தடத்தில் நடந்தது. மாசி மகத்தன்று திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் தீர்த்தவாரிக்காகப் புறப்பட்டுத் திருமலைராயன்பட்டினத்துக் கடற்கரைக்கு எழுந்தருளுகிறார். பெருமாள் மீனவர் குலத்துப் பெண்ணாகிய பத்மினியை மணந்தவர் என்பது ஐதிகம். ஆதலால் அங்குள்ள பட்டினச்சேரி மீனவர்கள் அவரைத் தெய்வமாக மட்டும் சேவிப்பதில்லை, ‘மாப்பிள்ளை’ என்று கூவி அழைத்து, பெண் வீட்டாருக்குரிய உரிமையோடு எதிர்கொண்டு உபசரிக்கிறார்கள். திருக்கண்ணபுரம் அக்காலத்தில் ஆங்கிலச் சீமை. திருமலைராயன்பட்டினமோ பிரெஞ்சுச் சீமை. லண்டனும் பாரிஸும் எங்கே கோடு கிழித்தாலும், மாமியார் வீட்டுக்குப் போகிற மாப்பிள்ளைக்கு அந்தக் கோடு ஒரு பொருட்டாக இருந்ததில்லை. சனிக்கிழமைதோறும் பிரெஞ்சுச் சீமைத் திருநள்ளாற்று நளதீர்த்தத்தில் முழுகிய கும்பகோணத்தாரும், 1898-இல் போட்ட பேரளம் ரயில் பாதையில் காரைக்காலுக்குச் சென்று வந்த சம்பந்திமாரும் அப்படித்தான். கும்பகோணத்தைத் தொட்டு வரும் அரசலாறே காரைக்காலில் கடலோடு கலக்கிறது; மேலே மடை திறந்தால் கீழே நாற்று நிமிரும்.

தஞ்சை அரண்மனையிலும் கோடு தாண்டிய இந்த உறவுக்கொரு சான்று உண்டு. ஆங்கிலேயரின் பாதுகாப்பில் அரசிருந்த இரண்டாம் சரபோஜி, ஆங்கில நூல்களோடு பிரெஞ்சு நூல்களையும் வாங்கிச் சேர்த்தார். மனித முகத்தையும் மிருக முகத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பிரெஞ்சு ஓவியர் சார்ல் லெ பிரன் தீட்டிய சித்திரங்களைச் சரஸ்வதி மகால் நூலகத்தில் இன்றும் காணலாம். ஆந்தையின் விழி ஒரு கனவானுக்கு வாய்த்திருப்பதைப் பார்த்துச் சிரிக்காமல் நகருகிறவர் அபூர்வம்.

தமிழர் ஊர்களுக்கும் இந்தச் சகோதர நகர முறை புதிதன்று. சென்னையும் ருஷ்யாவின் வோல்கோகிராடும் 1966-இல் இணைந்தன. அதை அறிந்த சென்னைவாசிகள் எத்தனை பேரோ! யாழ்ப்பாணம் 2016-இல் லண்டனைச் சேர்ந்த கிங்ஸ்டனோடு இணைந்தது. அங்கே தமிழ்க் குடும்பங்கள் ஏராளமாக வாழ்வதால் அந்த உறவுக்குச் சதையும் இரத்தமும் உண்டு. காரைக்காலுக்கும் பிரான்ஸில் அப்படியே வீட்டுக்கு வீடு உறவினர் இருக்கிறார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் பணியாற்றிப் பென்ஷன் பெறும் ‘சொல்தா’க்கள் அங்கே அறிமுகமானவர்கள். பிரான்ஸின் ஊராட்சிக்குக் கொம்யூன் என்று பெயர். காரைக்காலைச் சுற்றியுள்ள பஞ்சாயத்துகளும் இன்றுவரை கொம்யூன் பஞ்சாயத்துகளே.

ஆகவே காரைக்கால் ஒரு பிரெஞ்சுக் கொம்யூனோடும், தஞ்சை மாநகராட்சி ஓர் ஆங்கில நகரத்தோடும் கைகோத்தால் மகிழலாம். ஆயினும் அதற்கு முன் தஞ்சையும் காரைக்காலும் தமக்குள் இணைவதே முறை. 1954-இல் பிரெஞ்சு ஆட்சி நீங்கியும் தஞ்சை தமிழ்நாட்டிலும் காரைக்கால் புதுச்சேரிப் பிரதேசத்திலுமாக இவை இருவேறு நிர்வாகங்களின் கீழேயே இருக்கின்றன. காவிரியில் காரைக்காலுக்கென்று 7 டி.எம்.சி. தண்ணீரை நடுவர் மன்றம் 2007-இல் தனியே ஒதுக்கவேண்டியிருந்தது. பள்ளிப் பிள்ளைகளையும் விவசாயிகளையும் ஊர் மாற்றித் தங்கவைக்க ஒரு தீர்மானம் போதும்.

ஆனால் காரைக்கால் தரப்பில் கையொப்பமிட ஆள் வேண்டுமே. 1880-இல் பிரெஞ்சுக்காரர் கொம்யூனையும் அதற்கு ‘மேர்’ என்னும் தலைவரையும் அங்கே ஏற்படுத்தினார்கள்; சுதந்திர இந்தியாவிலோ 2006-க்குப் பின் புதுச்சேரிப் பிரதேசத்தில் உள்ளாட்சித் தேர்தல் நடவாமலே பல ஆண்டுகள் உருண்டோடின. முதலில் அந்தத் தேர்தலை நடத்தட்டும்.